பெட்டி முதலில் புறப்பட்டது

முள்ளிப்பட்டில் ஒரே ஒரு பைலட் இருந்தான். அவன் ஆரணி பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதிக்கொண்டிருந்தான்.

விசில் ஊதுவதைச் சாமானிய வேலை என்று நினைத்துவிடக் கூடாது. தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் டைம் கீப்பர் என்பது அவனுடைய உத்தியோகப் பெயர். போளூர் வண்டி ஆறு ஐம்பதுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஆறு ஐம்பதுக்கு ஊத வேண்டும். டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் டீக்கடைக்கே போய் அவர் காதில் ஊத வேண்டும். ஜெயச்சந்திரன் இதை ஐந்து வருடமாக ஒரு நிமிடம் பிசகாமல் செய்து வந்தான். வீட்டில் அவனுடைய பெட்டிக்குள், சம்பளத்துக்கு விமானம் ஓட்டலாம் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த லைசென்ஸ் இருந்தது. உதவித்தொகை கொடுத்து, மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பில் சேர்த்து, இருநூற்றைம்பது மணி நேரம் பறக்கவும் விட்ட அரசாங்கம், வேலை கொடுக்க மட்டும் மறந்துவிட்டது. பாவம், அதற்கு எத்தனையோ ஜோலி.

அதற்காக அரசாங்கத்தையே குறை சொல்லிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. இதற்கு முன் இரண்டு முறை அவனுக்கு இன்டர்வியூ வந்தது. எழுபத்தொன்பதில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் கரிநாள் என்று தாய்மாமன் பன்னீர்செல்வம் பஞ்சாங்கத்தைத் தட்டிக் காட்டினார். மறுநாள் நல்ல முகூர்த்தத்தில் ஜெயச்சந்திரன் போய்ச் சேர்ந்தான். வாட்ச்மேன் மட்டும் இருந்தார். நல்ல மனிதர், குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். எண்பத்தொன்றில் கிழமை நன்றாகவே அமைந்தது. வாசற்படி தாண்டும்போது யாரோ தும்மினார்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி தாண்டியபோது எதிர்வீட்டுக்காரர், "எங்க பொறப்பட்டாப்ல?" என்று கேட்டுத் தொலைத்தார். எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காதல்லவா? மறுபடி உள்ளே, மறுபடி தண்ணீர். வயிறு நிறையத் தண்ணீரோடு அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, ஊருக்கெல்லாம் பஸ்ஸை நேரத்துக்கு அனுப்புகிறவன் தன்னுடைய பஸ்ஸை விட்டிருந்தான்.

மூன்றாவது கடிதம் எண்பத்து நான்கு மாசி மாதத்தில் வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி, மீனம்பாக்கம். லைசென்ஸ், பறந்த கணக்கெல்லாம் எழுதிய லாக் புக், சான்றிதழ்கள் எல்லாம் அசலாகக் கொண்டுவர வேண்டும். முப்பது வயதைத் தாண்டியவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அடியில் ஒரு வரி இருந்தது. சித்திரை வந்தால் ஜெயச்சந்திரனுக்கு முப்பது முடிகிறது. இதையும் விட்டால் ஆயுசுக்கும் விசில்தான் என்பது அவனுக்குத் தெளிவாகவே தெரிந்தது. 

கடிதம் வந்த அன்றைக்கே போளூரிலிருந்து மாமா வந்து இறங்கினார். பன்னீர்செல்வம் தாலுக்கா ஆபீசில் ரிக்கார்டு கிளார்க். இளமையில் பதினொரு இன்டர்வியூவுக்குப் போய், பதினொன்றிலும் தோற்று, கடைசியில் அப்பா சர்வீசில் இருக்கும்போதே காலமானதால் அந்த வேலையைப் பெற்றவர். பதினொரு தடவை தோற்றவருக்கு இன்டர்வியூவின் நெளிவு சுளிவு தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

தறி ஓடுகிற அறையிலேயே மாமா பயிற்சி நடத்தினார். வீட்டில் வேறு அறை கிடையாது. ஜெயச்சந்திரனின் அப்பா தசரதன் தறிக் குழியில் கால் தொங்கவிட்டு, பட்டு முதலாளி ஆர்டர் கொடுத்த கல்யாணப் புடவையை நெய்துகொண்டிருப்பார். மாமா கட்டிலில் கம்பெனி சேர்மனாக உட்காருவார். ஜெயச்சந்திரன் தெருவிலிருந்து வலது காலை வைத்து உள்ளே வர வேண்டும்.

"ஏரோபிளேன்னா இன்னா? டெஃபனிஷன் சொல்லு."

"மாமா, பைலட்டாண்ட அதெல்லாம் கேக்கமாட்டாங்க."

"இதான் தலகனம்கறது. எனக்குத் தாசில்தார் ஆபீசு இன்டர்வியூல 'பேப்பர்னா இன்னா'ன்னு கேட்டான். நானும் இப்டித்தான் சிரிச்சேன். சிரிச்சதாலதான் போச்சி. சொல்லு."

சொன்னான். மங்கோலியாவின் தலைநகரம் சொன்னான். திருக்குறளில் எத்தனை அதிகாரம் என்று சொன்னான். எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று மாமா கேட்டபோது, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்க இடம் தேடுவேன் என்றான். மாமா தலையில் அடித்துக்கொண்டார். மேலதிகாரிக்குத் தகவல் தெரிவித்து உத்தரவுக்குக் காத்திருப்பேன் என்பதுதான் சரியான பதிலாம். தாலுக்கா ஆபீஸ் இன்னும் தரையில் விழாமல் நிற்பதே அப்படித்தானாம்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. பைலட்டுக்குக் கண் முக்கியம் என்று எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டார்கள். அம்மா காசியம்மாள் மூன்று வேளையும் முருங்கைக்கீரை போட்டாள். அவன் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்தால், வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் தினசரிக் காலண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பைலட்டு, தேதி சொல்லு" என்பார்கள். ஒரே தேதியைப் பதினேழு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அவன் சோற்றில் கை வைக்க முடிந்தது. அப்பா, நெய்த புடவையில் மிச்சமான முந்தானைத் துண்டைக் கொடுத்து ஆரணி டெய்லரிடம் கழுத்துக்கு டை தைக்கச் சொன்னார். டெய்லர் நன்றாகத்தான் தைத்தார். நடுவில் மட்டும் பாதி ஜரிகை மாங்காய் வந்துவிட்டது.

யோசனை சொல்லாத ஒரே ஆள் அய்யாக்கண்ணு. தெருவின் கிழக்குக் கோடி வீட்டுக்காரர், எழுபது வயது நெசவாளி. உறவுமுறை ஒன்றும் கிடையாது, ஆனாலும் ஜெயச்சந்திரனுக்குப் பெரியப்பா. இவர் ஏழு வருடமாக அவனிடம் கேட்டுவந்தது ஒரே கேள்விதான்.

"மேலேர்ந்து பாத்தா நம்ம தெரு தெரியுமாடா?"

"தெரியாது பெரியப்பா. அது ரொம்ப ஒசரம்."

இந்தப் பதில் கடைந்தெடுத்த பொய். எழுபத்தேழு மார்ச்சில், பயிற்சிக்காக மெட்ராஸிலிருந்து வேலூருக்குத் தனியாகப் பறந்தபோது, ஜெயச்சந்திரன் வழியை விட்டுத் தெற்கே திரும்பி, முள்ளிப்பட்டுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான். விதிப்படி அது குற்றம். லைசென்ஸே கைக்கு வராமல் போயிருக்கும். அதனால் லாக் புக்கில் 'மேகம் காரணமாக விலகல், பதினொரு நிமிடம்' என்று எழுதிவைத்தான். மிலிட்டரி பிளேன் என்று தெரு முழுக்கப் பேசிக்கொண்டது. அன்று தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த அய்யாக்கண்ணு மட்டும் துண்டை எடுத்து வீசினார். அடுத்த மாதம் அவன் ஊருக்கு வந்தபோது, "அது நீதான?" என்று கேட்டார். நானில்லை என்று அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அப்புறம்தான் அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை என்று கடிதத்தில் படித்ததுமே மாமாவுக்கு முகம் கறுத்திருந்தது. சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. மெட்ராஸோ கிழக்கே இருக்கிறது, அதைத் தள்ளிவைக்க முடியாது. முந்தின நாளே கிளம்பலாமென்றால் பஸ் முதலாளி ஒரு நாளைக்கு மேல் லீவு தரமாட்டேன், வெள்ளிக்கிழமை கடைசி வண்டி வரைக்கும் விசில் ஊத வேண்டும் என்றுவிட்டார். ஆள் போக முடியாவிட்டால் பெட்டி போகட்டும் என்று மாமா தீர்ப்பு வழங்கினார். அதாவது பரஸ்தானம். நல்ல நேரத்தில் பயணப் பெட்டியைக் கொண்டுபோய், போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் சூலத்துக்குக் கண் தெரியாது. வழியில் பெட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நடுவில் அதைத் திறக்கவோ வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரவோ கூடாது.

"துணிமணி வெச்சா போதுமே மாமா. லாக் புக்கு என்கிட்டயே இருக்கட்டும். ராத்திரி ஒருவாட்டி புரட்டிப் பாக்கணும்."

"எது இல்லாம காரியம் நடக்காதோ, அது உள்ள இருந்தாத்தான் பரஸ்தானம். வெறும் ஜட்டி பனியன வெச்சி சாமிய ஏமாத்தப் பாக்கறியா?"

காசியம்மாள் அண்ணன் பக்கம். தசரதன் தறிப் பக்கம். ஜெயச்சந்திரன் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டான். லைசென்ஸ், லாக் புக், சான்றிதழ் எல்லாம் பெட்டிக்குள் போயின.

வைக்கிற வீட்டையும் மாமாதான் தேர்ந்தெடுத்தார். கிழக்குக் கோடி, அய்யாக்கண்ணு வீடு. அவர் மனைவி கெங்கம்மாள் நெற்றி நிறையக் குங்குமம் வைக்கிற சுமங்கலி.

"எட்டுப் பெத்து எட்டும் உசுரோட கீது. புருசன் கல்லாட்டம் கீறாரு. இத வுட லட்சணமான ஊடு இந்தத் தெருவுல எங்க கீது?"

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குமேல் ஏழு மணிக்குள், சுக்கிர ஓரையில், பெட்டி புறப்பட்டது. கெங்கம்மாள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாங்கிக்கொண்டாள். அய்யாக்கண்ணு வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஜெயச்சந்திரன் வழக்கமான பொய்யைச் சொல்லிவிட்டு விசில் ஊதப் போனான்.

சனிக்கிழமை விடியலுக்கு முன் மூன்றரை மணிக்கு அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாங்காய் டையைக் கட்டி நிமிர்ந்தபோது கிழக்குக் கோடியிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. தசரதன் எழுந்து ஓடினார். போன வேகத்தில் திரும்பி, தெரு நடுவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"அய்யாக்கண்ணு அண்ணன் பூட்டாருடா."

கல்லாட்டம் இருந்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காசியம்மாள் ஒரு நிமிடம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். நிஜமான துக்கம்தான். அடுத்த நிமிடம் பெட்டி ஞாபகம் வந்து, இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தாள்.

"அந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது. ஏறினா தலமுழுவாம எங்கியும் போவக்கூடாது. நல்ல காரியத்துக்குப் போற புள்ள."

"பெட்டி அங்கதாம்மா கீது."

"தீட்டுப் பொட்டிய தூக்கிகினு உத்தியோகத்துக்குப் போவியா? வாணாண்டா சாமி!"

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பஞ்சாங்கத்தைப் புரட்டினார். இந்த மாதிரிச் சிக்கலுக்கு அதில் பக்கம் இல்லை போலிருக்கிறது. கடைசியில் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ கைய வீசிகினு போ. சர்ட்டிபிகேட்டெல்லாம் பின்னாடி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பறேன்னு சொல்லு. பெரிய கம்பெனிக்காரன், புரிஞ்சிப்பான்."

ஜெயச்சந்திரன் மாமாவைப் பார்த்தான். எழுபத்தொன்பதில் தண்ணீர் கொடுத்த வாட்ச்மேன் முகம் கண்ணில் வந்து போனது. முப்பது வயது முடியப்போகிறது, இது வரையில் எந்த வாசற்படியையும் தன் இஷ்டத்துக்குத் தாண்டியதில்லை என்று நினைத்தபோது அவனுக்கு அவமானமாக இருந்தது. எஞ்சின் நின்றுவிட்டது, மேலதிகாரி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், உத்தரவும் வந்துவிட்டது.

"நவுரும்மா" என்றான்.

அம்மாவின் கைக்குக் கீழே குனிந்து வெளியே போனான். யாராவது தும்மினார்களா என்று அவனுக்குத் தெரியாது.

கோடி வீட்டுக் கூடத்தில் அய்யாக்கண்ணுவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே அவனுடைய பழுப்பு நிறப் பெட்டி, சந்தனம் குங்குமத்தோடு, சொந்தக்காரர்களில் ஒருவரைப் போல உட்கார்ந்திருந்தது. இறந்தவருடைய கை இன்னும் அதன்மேல்தான் இருந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள், மாங்காய் டையோடு வந்து நின்றவனைப் பார்த்ததும் ஒப்பாரியை ஒரு நொடி நிறுத்தினார்கள். செத்த வீட்டில் பெட்டி கேட்பது எப்படி என்று மாமா பயிற்சி கொடுக்கவில்லை. 

கெங்கம்மாள்தான் பேசினாள்.

"நேத்து பூரா அதவுட்டு நவுரலடா உன் பெரியப்பன். எலி கடிச்சிடும், புள்ளைங்க ஏறி மிதிச்சிடும்னு தலமாட்டுல வெச்சிகினு படுத்தாரு. கைய வெச்சிகினே பூட்டாரு." அழுதுகொண்டே கணவனின் கையைப் பிடித்துத் தூக்கி, அவர் மார்பின்மேல் வைத்தாள். "எடுத்துக்கினு ஜல்தியா போ. பஸ்ஸு பூடும்."

"பெரிம்மா..."

"போடா. காத்துகினு இருந்து குடுக்கச் சொன்னாரு. குடுத்தாச்சி."

அவன் அய்யாக்கண்ணுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைக் கேட்கிற காது அடைத்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பின்னால் ஒப்பாரி மறுபடி எழுந்தது. பெண்கள் அதற்குள் பெட்டியையும் பாட்டில் சேர்த்துவிட்டிருந்தார்கள்:

"ஆகாசம் போற புள்ள பொட்டிய காத்த ராசா, ஆகாசம் நீ முந்திப் போனதென்ன என் ராசா..."

சைக்கிளை மிதித்து ஆரணி போய்ச் சேர்வதற்குள் நாலே கால் வண்டி போய்விட்டது. அதை நேரத்துக்கு அனுப்பியவன், அவனுக்குப் பதில் அன்றைக்கு விசில் ஊத வந்த புது ஆள். மிகவும் சிரத்தையானவன். அடுத்த வண்டி ஐந்தரைக்கு. குளிக்காமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஜெயச்சந்திரன் இரண்டு விஷயத்துக்காக அழுதான். எதற்கு எவ்வளவு என்று அவனுக்கே தெரியவில்லை.

மீனம்பாக்கத்தில் அந்த ஆபீஸ் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது மணி பத்து பத்து. எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் படியேறினான். மேலே வராந்தாவில் ஏழு பேர் டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் இன்னும் கூப்பிடவில்லை. பியூனிடம் கேட்டான்.

"சனிக்கிழம ஒம்பதுலேர்ந்து பத்தர இன்னா நேரம் சார்? ராகு காலத்துல கேப்டன் ஒருத்தரயும் கூப்புடமாட்டாரு. ஒக்காருங்க."

ஜெயச்சந்திரன் உட்கார்ந்தான். தினமும் நூற்றுக்கணக்கான ஆட்களைக் கடலுக்கு மேலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிற கம்பெனி அது. சூலம், ராகு காலம் பார்த்துத்தான் விமானத்தையும் விடுகிறார்களா என்று கேட்க நினைத்து, நாக்கை அடக்கிக்கொண்டான். இந்த வராந்தாவை மட்டும் மாமா பார்த்திருந்தால் தரையில் விழுந்து கும்பிட்டிருப்பார்.

பத்தரை அடித்ததும் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. எட்டாவதாக அவனைக் கூப்பிட்டார்கள். எந்தக் காலை முதலில் வைத்தான் என்பது அவன் நினைவில் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேப்டன், நரைத்த மீசை, சட்டைத் தோளில் நான்கு பட்டை. அவர் பார்வை முதலில் மாங்காயில் விழுந்தது. பிறகு பெட்டியில் விழுந்தது. அதன் பூட்டில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கோவிலுக்குப் போய்விட்டு வந்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் பிரியம் இருந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஜெயச்சந்திரனுக்கு அன்றைக்குப் பொய் வரவில்லை.

"இல்லை சார். இறந்தவர் வீட்டிலிருந்து வருகிறேன். பெட்டி அங்கே இருந்தது."

லாக் புக்கை வாங்க நீண்டிருந்த கேப்டனின் கை பாதியில் நின்றது.

"குளித்தீர்களா?"

"நேரமில்லை சார்."

கை மேஜைக்குக் கீழே போய்விட்டது. காபிக் கோப்பையையும் அவர் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் இடி மின்னலுக்கு அசையாத மனிதர்.

"நீங்களே படித்துக் காட்டுங்கள்" என்றார்.

அப்படியாக அன்று எட்டுப் பேரில் ஒருவன் மட்டும் தன் லாக் புக்கைத் தானே வரி வரியாக வாசித்தான். மங்கோலியாவுக்கு வேலையே வரவில்லை. எந்த விமானம், என்ன காற்று, எப்படி இறங்கினான் என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டார்கள். விசில் ஊதி ஊதித் துருப்பிடித்துப் போயிருக்கும் என்று அவன் பயந்ததெல்லாம் வாயில் தானாக வந்தது. எஞ்சின் நின்றால் என்ற கேள்வியும் வந்தது. மேலதிகாரியைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

எழுபத்தேழு மார்ச் வந்தது. "மேகம் காரணமாக விலகல்" என்று அவன் படித்ததும், ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அவர் காட்பாடிக்காரராம்.

"மார்ச் மாசம் வேலூர்ல மேகமா? நாங்க பொறந்ததுலேர்ந்து பாத்ததில்லையே!"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயச்சந்திரன் லாக் புக்கை மூடினான்.

"மேகம் இல்லை சார். எங்கள் தெருவைப் பார்க்கப் போனேன்."

"அது குற்றம் என்று தெரியுமா?" கேப்டனின் குரல் மாறிவிட்டது.

"தெரியும் சார்."

"ஏழு வருடம் கழித்து, அதுவும் இன்டர்வியூவில் வந்து, ஏன் சொல்கிறீர்கள்?"

"மேலேயிருந்து தெரு தெரியுமா என்று ஒருவர் என்னிடம் ஏழு வருடமாகக் கேட்டார். லைசென்ஸுக்குப் பயந்து அவரிடம் பொய் சொன்னேன். இன்று காலை இந்தப் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டே செத்துப்போய்விட்டார். இன்னொரு தடவை அந்தப் பொய்யைப் படிக்க முடியவில்லை சார்."

 வேலை போய்விட்டது என்று அவனுக்குப் புரிந்தது. சான்றிதழ்களை அடுக்க ஆரம்பித்தான்.

கேப்டன் தொண்டையைச் செருமினார். ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார்.

"தெரு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சது சார். காலையில தெருவுல பாவு நீட்டியிருந்தாங்க. அரக்குக் கலர். தெரு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நேரா ஒரு கோடு. அந்தக் கோட்டோட முனையில அவர் துண்ட வீசினார்."

"எந்த உயரத்துல பறந்தீங்க?"

"ஐந்நூறு அடி சார்."

"ஐந்நூறுல துண்டு அவ்வளவு நல்லாத் தெரியாதே."

"...முந்நூறு சார்."

கேப்டன் மீசைக்குள் ஏதோ செய்துகொண்டார். சிரிப்பா, கோபமா என்று அவன் கண்டுபிடிக்குமுன் போகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பியவனைக் காசியம்மாள் கிணற்றடியிலேயே நிறுத்தி ஒன்பது குடம் தண்ணீர் ஊற்றினாள். பெட்டிக்கு நான்கு குடம். மாமா போளூருக்குப் போய்விட்டிருந்தார். அந்தப் பெட்டி இல்லாமல் போயிருந்தால் வேலை நிச்சயம் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பங்குனியில் கடிதம் வந்தது. அவனை எடுத்துக்கொண்டார்கள். சம்பளம், பயிற்சி, ஹைதராபாத், எல்லாம் டைப் அடித்திருந்தது. அடியில் பேனாவால் ஒரு வரி: 'இனிமேல் மேகம் என்றால் மேகமாக இருக்க வேண்டும்.' போளூரிலிருந்து மாமா இனிப்போடு வந்தார்.

"நான்தான் சொன்னேனே! பொணத்த பாத்துட்டுப் போனா காரியம் ஜெயம். சாஸ்திரத்துலியே கீது" என்று வீடு வீடாகச் சொன்னார். அந்தப் பக்கம் மட்டும் அன்று விடியற்காலையில் பஞ்சாங்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

பயிற்சிக்குப் போக வேண்டிய நாள் திங்கட்கிழமை. ஹைதராபாத் ரயிலைப் பிடிக்கவும் மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். திங்களும் கிழக்கே சூலம். ஞாயிறு காலை மறுபடியும் பரஸ்தானம். இந்த முறை சின்னபொண்ணு வீடு. வயது இருபத்தாறு, புருஷனுக்கு முப்பது, ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை. மாமா தீர விசாரித்துத்தான் முடிவு செய்திருந்தார். சின்னபொண்ணு தட்டில் சந்தனத்தோடு வாசலில் நின்றாள்.

ஜெயச்சந்திரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டைத் தாண்டி நடந்தான்.

"டேய், ஊடு இதுடா!" என்று மாமா கத்தினார். தெரு மொத்தமும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

கோடி வீட்டில் கெங்கம்மாள் தறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிறவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று காலையிலிருந்தே அவள் வெளியே தலைகாட்டவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் தெருவிலேயே லட்சணமான வீடு என்று பெட்டி வைக்க வந்தவர்கள், இப்போது அந்த வாசலை ஒட்டி நடப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். நெற்றிக் குங்குமத்தோடு அவளையும் சேர்த்துத் துடைத்துப் போட்டுவிட்டது தெரு.

"பெரிம்மா, பெட்டி வெக்க வந்தேன்."

"பைத்தியமாடா உனக்கு?" உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் எதுக்க வரக்கூடாதுடா. எடுத்துக்கினு போ."

"வந்தாத்தான் போவேன்."

"ஊரு திட்டும்டா, கண்ணு."

"திட்டட்டும். உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். தெரு தெரிஞ்சது பெரிம்மா. அன்னிக்கி வந்தது நான்தான். பாவு தெரிஞ்சது. பெரியப்பா துண்ட வீசினது தெரிஞ்சது. பயந்துகினு பொய் சொல்லிட்டேன்."

 அவள் தறியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசல் வரைக்கும் வந்தாள். வெற்று நெற்றியோடு, தெரு பார்க்க, அவனுக்கு நேர் எதிரே நின்றாள்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்டா. லைசென்சு பூடும்னுதான் புள்ள மறைக்கிறான், நீயும் யாராண்டியும் சொல்லாதன்னாரு. உன் வாயால ஒருவாட்டி கேக்கணும்னுதான் கேட்டுகினே இருந்தாரு."

ஜெயச்சந்திரன் அழுதான். கெங்கம்மாள் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கி, உள்ளே கொண்டுபோய், அவர் தலை வைத்துப் படுத்த இடத்தில் வைத்தாள்.

"நாளைக்கி எத்தினி மணிக்கிடா பஸ்ஸு?"

"நாலே கால்."

"மூணரைக்கெல்லாம் வாசல்ல நிப்பேன். வந்து வாங்கிக்க."